எல்லாவற்றுக்கும் ‘சூடு’ என்று பெயர் வைக்காதீர்கள்: மாதவிடாய் நிற்கும் காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

மார்கழி மாதம், வாடைக்காற்று அடிக்கும் இரவு. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, என் மதினி மட்டும் எழுந்து உட்கார்ந்து பனையோலை விசிறியால் கழுத்தில் விசிறிக்கொண்டிருந்தார். ரவிக்கையின் முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் அதே உடம்பு குளிரில் நடுங்கியது. “கருவாடு தின்ற சூடு” என்றார். அப்போது அவருக்கு 47 வயது. கடைசியாக மாதவிடாய் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ராமநாதபுரம் கரையோரத்தில் வியர்வையை யாரும் பொருட்படுத்துவதில்லை. சித்திரையில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. ஆனால் வெயிலில் வரும் வியர்வை நிழலுக்கு வந்தால் அடங்கிவிடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் இந்தச் சூடோ நெஞ்சில் அனலாகக் கிளம்பி, கழுத்து, முகம் என்று ஏறி, படபடப்பைத் தந்து, சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறையும்போது உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது. அதன் விளைவு இது. நுங்கும் இளநீரும் நாவுக்கு இதம், அவ்வளவுதான். கருப்பட்டியைச் சிலர் மருந்துபோலச் சாப்பிடுகிறார்கள். நீரிழிவு உள்ளவருக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

‘இரண்டு மாதம் பொறுத்தால் போய்விடும்’ என்பது அடுத்த தவறு. இந்த அனல் சராசரியாக ஏழு ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். விடியுமுன் கடற்பாசி எடுக்கத் தீவுக்குக் கிளம்பும் பெண் ஏழு ஆண்டுகள் தூங்காமல் எப்படி முங்கி எழுவாள்?

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை என்றதும் ‘புற்றுநோய் வந்துவிடும்’ என்று பதறுகிறோம். இந்தப் பயத்தின் வேர் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63, பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்கள். 60 வயதைத் தாண்டாத, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்களில் வேறு தடை இல்லாதவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருக்கும் பெண் உடல் முழுதும் பரவும் ஈஸ்ட்ரோஜன் மருந்தைத் தனியாக எடுக்கக் கூடாது. கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குவது இதனால்தான் ஆபத்து.

நீர்க்கடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாசி எடுப்பவர்கள் மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நிற்கிறார்கள். ஒதுங்க இடம் இல்லாததால் குடிதண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு வந்தால் ‘கடல் வேலை, சூடு’ என்று முடித்துவிடுகிறோம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் தோலும் சிறுநீர்த்தாரையும் மெலிந்து வறண்டுபோகின்றன. கிருமி எளிதாகத் தொற்றுகிறது. தாம்பத்தியத்தின்போது வலிக்கிறது, அதை யாரிடமும் சொல்வதில்லை. வருடத்தில் நான்கைந்து முறை ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கி, அது ஒருநாள் வேலை செய்யாமல் போவதுதான் மிச்சம். அந்த இடத்திலேயே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு வறட்சியையும் திரும்பத் திரும்ப வரும் தொற்றையும் குறைக்கும். அனல் தானே அடங்கலாம். இந்த வறட்சி விட்டுவைத்தால் கூடிக்கொண்டேதான் போகும்.

திருவிழாவுக்கோ யாத்திரைக்கோ நாள் தள்ளிப்போட மாத்திரை போடும் பழக்கம் நாற்பதைக் கடந்த பின்னும் தொடர்கிறது. ஒழுங்கு தவறிய ரத்தப்போக்கை அது மறைத்துவிடும். ரத்தக்கட்டு ஆபத்து உள்ளவர்களுக்கு வினையாகவும் முடியும்.

எனக்குக் கோபமே வருவது இன்னொன்றில். பெரும்பாடு, அதாவது அளவுமீறிய ரத்தப்போக்கு, கண்டால் ‘நிற்கப் போகும் நேரத்தில் அப்படித்தான்’ என்று வெளிறிப் போகும்வரை வீட்டில் வைத்திருக்கிறோம். இல்லையென்றால் ஒரேயடியாகக் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சம்மதிக்கிறோம். நடுவில் மாத்திரைகளும் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ‘சினைப்பைகளையும் எடுக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும் தொல்லைகள் சில நாட்களிலேயே மொத்தமாக வந்து இறங்கும், எலும்பும் சீக்கிரம் தேயத் தொடங்கும். எங்கள் தெருவில் ஒருவர் 38 வயதில் அறுவை செய்துகொண்டார். எதை எடுத்தார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது, காகிதமும் இல்லை.

முழுதாக ஓராண்டு மாதவிடாய் வராமல் இருந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது ‘திரும்பி வந்த தீட்டு’ அல்ல. கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். அந்த ஓராண்டு முடியும்வரை கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதை மறந்து திகைத்தவர்களும் இருக்கிறார்கள்.

மதினி முதல்முறை மருத்துவரிடம் போனபோது “உடம்பு சூடு” என்று மட்டும் சொன்னார். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு திரும்பினார். அடுத்த முறை நான் கூடப் போனேன். அதற்கு முன் ஒரு மாதம், கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இரவில் எத்தனை முறை விழித்தார், எப்போது ரத்தம் பட்டது, எந்த நாளில் நீர் எரிந்தது என்று எழுதி வைக்கச் சொன்னேன். புதிய மருத்துவர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்தார். மார்பகப் பரிசோதனை செய்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இதை எத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள் அம்மா?” என்று கேட்டார். மதினி என்னைப் பார்த்தார். பிறகு முதன்முறையாகச் ‘சூடு’ என்ற சொல் இல்லாமல் பேசத் தொடங்கினார்.