தியோ கட்டைக்குத் தீனி போட்டு அடிப்பது எப்படி

பார்சிலோனாவில் எங்கள் வீட்டுக்கு கிறிஸ்துமஸ் தாத்தா வருவதில்லை. மரக்கட்டை வருகிறது. பெயர் தியோ; கட்டலான் மொழியில் தடித்த விறகுக் கட்டைக்கு அதுதான் சொல். டிசம்பர் 8 தொடங்கி தினமும் ராத்திரி அதற்குத் தீனி போடவேண்டும். 24ஆம் தேதி ராத்திரி பாட்டுப் பாடிக்கொண்டே குச்சியால் அடித்தால் பரிசுகளைக் கக்கா போகும். பாட்டே 'காகா தியோ' என்றுதான் தொடங்குகிறது. என் மகளுக்கு நான் அதை மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை.

முதலில் கட்டை. கதீட்ரல் வாசலில் நவம்பர் கடைசியில் சாந்தா லூசியா சந்தை கூடும். 1786லிருந்து நடக்கிற சந்தை அது. கையில் அடங்குவதிலிருந்து இரண்டு பேர் தூக்க வேண்டியது வரை தியோக்கள் குவிந்து கிடக்கும். ஒரு முழ நீளம் போதும். முன்பக்கம் இரண்டு குச்சிக் கால், வரைந்த முகம், தலையில் பரெத்தினா என்கிற சிவப்புக் குல்லா. பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், அது தரையில் படிந்து நிற்கவேண்டும். கட்டைமேல் போர்த்துகிற போர்வை பழசாக இருக்கலாம், ஆனால் அகலமாக இருக்கவேண்டும். ஓரம் தரையில் புரண்டால்தான் உள்ளே ஒளித்து வைக்கிற பரிசு தெரியாது.

தீனி சுலபம்: கமலா ஆரஞ்சுத் தோல், காய்ந்த ரொட்டி, நாலு பாதாம். பிள்ளைகள் தூங்கியதும் தட்டைக் காலி செய்வதுதான் நம் வேலை. முதல் வருஷம் மூன்றாம் நாளே மறந்து தூங்கிவிட்டேன். காலையில் தோல் அப்படியே கிடந்தது. மகள் கட்டையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சலாம்மா?" என்றாள். அன்றிலிருந்து பத்தரை மணிக்கு போனில் அலாரம் அடிக்கிறது. அப்புறம், தட்டை மொத்தமாகத் துடைத்து வைக்காதீர்கள். ரொட்டியில் ஒரு கடி கடித்து மீதியை விட்டு வையுங்கள். பிள்ளைகள் பல் தடத்தைப் பார்ப்பார்கள்.

24ஆம் தேதிக்கு வருவோம். அடிக்கும் முன் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்ப ஒரு சாக்கு வேண்டும். ஜெபம் செய்துவிட்டு வரச் சொல்வது வழக்கம் என்றார் மேல்வீட்டுப் பாட்டி. குச்சியை அடுப்பில் சூடு காட்டிவரச் சொல்வதும் உண்டு. எங்கள் வீட்டில் அடுப்பங்கரை நெருப்பு ஏது? மகள் ஹீட்டரில் காட்டிவிட்டு வருகிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் சாமான் போர்வைக்கு அடியில் போயாக வேண்டும். அடி விழுவது கட்டையின் முதுகில், அதனால் சாமானைப் பின்னால் தள்ளி வையுங்கள். நான் ஒரு தடவை சாக்லேட்டைக் கட்டையோடு ஒட்டி வைத்து, எடுக்கும்போது தூளாக எடுத்தேன்.

பாடி, அடித்து, போர்வையைத் தூக்கிப் பார்ப்பது ஒரு சுற்று. மூன்று நாலு சுற்று போகலாம். துர்ரோ கட்டாயம் இருக்கவேண்டும். பாதாமும் தேனும் சேர்த்த பாளம் அது, நம் கடலை மிட்டாய்க்குப் பணக்காரச் சொந்தம். கூட மிட்டாய், சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான். சைக்கிள் கேட்கிற பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கட்டைக்கு அவ்வளவு பெரிய வயிறு கிடையாது, பெரிய சாமானெல்லாம் ஜனவரி 5 ராத்திரி வருகிற மூன்று ராஜாக்கள் (குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவர்கள்) பொறுப்பு. கடைசிச் சுற்றில் பூண்டோ வெங்காயமோ கருவாடோ வரும். வந்தால் வயிறு காலி என்று அர்த்தம். நாங்கள் பூண்டு வைக்கிறோம், கருவாட்டு வாசனை போர்வையை விட்டுப் போகாது.

பழைய பண்ணை வீடுகளில் தியோவுக்கு முகமும் இல்லை, குல்லாவும் இல்லை. அடுப்பில் எரிகிற நிஜக் கட்டைதான். அது முதலில் கொடுத்தது சூடும் வெளிச்சமும். மிஞ்சிய சாம்பலை வயலில் தூவினார்கள். எனக்கு அந்த முகமில்லாத கட்டையைத்தான் பிடிக்கும், ஆனால் வீட்டில் என் ஓட்டு செல்லாது. முகம் வரைந்த பிறகு எரிக்க யாருக்கு மனசு வரும்? குல்லாவைக் கழற்றித் துவைத்து, கட்டையைப் பரண்மேல் போட்டுவிடுங்கள்.

போன வருஷம் 25ஆம் தேதி காலையில் பரணுக்கு ஏற்றப் போனேன். அடி வாங்கிய முதுகு பூராவும் தேங்காயெண்ணெய் தடவியிருந்தது. போர்வையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.