தோலை இழுத்துப் பிடிப்பதில் நிகழும் தவறுகள்

மார்கழிக் கடைசியிலிருந்து தை நடு வரை செங்கோட்டையில் சவரக் கடைகளுக்கு ஓய்வு கிடையாது. புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலை சென்று திரும்புவோர், மாலையைக் கழற்றிய கையோடு, 41 நாளோ அதற்கு மேலோ வளர்ந்த தாடியுடன் வந்து அமர்கிறார்கள். தொழில் பழகும் பையன்களுக்கு அப்போதுதான் கத்தி பிடிக்க நிறைய வாய்ப்பு அமைகிறது. இளம் வயதில் நான் செய்த தவறுகளை அவர்கள் அப்படியே திரும்பச் செய்வதை இந்த ஆண்டும் பார்த்தேன். நீண்ட தாடியை முதலில் மெஷினால் குறைப்பது, வெந்நீரில் நன்கு ஊறவைப்பது போன்றவற்றை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது கத்தி பிடிக்காத மற்றொரு கையைப் பற்றி.

இழுக்கும் விரல் கத்தியின் பாதையில் நிற்பது

கத்தி கீழே இறங்கும்போது விரல்கள் அதற்கு மேலே இருந்து தோலை மேல்நோக்கி இழுக்க வேண்டும். கத்தி வரும் வழியில் விரலை ஊன்றுகிறவர் தன் விரலையும் எதிரில் இருப்பவர் கன்னத்தையும் ஒருசேர ஆபத்தில் வைக்கிறார்.

நுரை படிந்த விரல்

வழுக்கினால் தோல் மடியும். மடிப்பில் பிளேடு ஏறும். துண்டில் துடையுங்கள், போதாவிட்டால் படிகாரத்தூளைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தை மட்டுமீறி இழுத்து எதிர்த்திசையில் மழிப்பது

இதைக் காணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வழவழப்பாக வேண்டும் என்று கேட்பவரை மகிழ்விப்பதற்காக, தாடைக்குக் கீழே தோலைப் பறைத்தோல் போல விறைக்க இழுத்து, முடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகக் கத்தியை ஓட்டுகிறார்கள். தடவிப் பார்த்தால் அப்போதைக்குக் கண்ணாடி போலத்தான் இருக்கும். ஆனால் அளவுக்கு மீறி இழுக்கும்போது முடி தன் குழியிலிருந்து சற்று வெளியே வந்த நிலையில் வெட்டுப்படுகிறது. கையை எடுத்தவுடன் தோல் தளர, கூராக வெட்டப்பட்ட அந்த நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. பிறகு அது வளரும்போது மேலே வராமல் குழியின் சுவரையே குத்துகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்க, அந்த இடம் சிவந்து புடைக்கிறது. சுருள் முடி உள்ளவர்களுக்கு இந்தத் துன்பம் மிக அதிகம்.

தென்மலைப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவருக்கு, முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு நான் இப்படித்தான் மழித்தேன். நல்ல சுருள் தாடி. கழுத்தில் இரண்டு முறை எதிர்த்திசையில் ஓட்டினேன். திருமணம் முடிந்த மறுநாள் அவருடைய அண்ணன் கடைக்கு வந்தார். “தம்பி, மாலை போட்டப்போ அவன் கழுத்தெல்லாம் எரியுதுன்னு கண் கலங்கிட்டான், இனி யாருக்கும் இப்படிச் செய்யாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எதிர்த்திசைச் சவரத்தை யார் கேட்டாலும் கழுத்தில் செய்வதில்லை.

சுருக்கம் மறைந்து தோல் சமமாகும் அளவுக்கு இழுத்தால் போதும். விரலருகே தோல் வெளுக்கிறதென்றால் அது அதிகம். சுருள் முடிக்காரருக்கு இழுக்காமலேயே, முடி சாயும் போக்கில், கத்தியை அழுத்தாமல் ஓட்டி முடிப்பது நல்லது. கழுத்தில் முடி ஆளுக்கு ஆள் வேறு திசையில் சாயும், சிலருக்குச் சுழியாகவும் இருக்கும் என்பதால், நுரை போடும் முன் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே புடைத்த கழுத்துடன் ஒருவர் வந்தால், வருமானத்தைப் பாராமல், சில வாரங்கள் மழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஊசியால் முடியைத் தோண்டவே கூடாது.

குரல்வளை மேடு

மேட்டின் மீதே கத்தியை ஏற்றாதீர்கள். எச்சிலை விழுங்கிவிடச் சொல்லி, தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, சமதளமான இடத்தில் வைத்து மழியுங்கள்.

அரை பிளேடு

கத்தியில் செருகும் பாதி பிளேடு ஆளுக்கொன்று; ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடாதீர்கள்.