டிராம்போனில் மூன்றாவது சுரம்

டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை ஊதிக்கொண்டே தொண்டையில் பாடினால், யாரும் எழுப்பாத மூன்றாவது சுரமும் கேட்கும். எனக்கு நான்கு நாளாக உறுமல்தான் கேட்டது. மவுத்பீஸை மாற்றினேன், நீட்டி மடக்கும் ஸ்லைடு குழாய்க்கு எண்ணெய் விட்டேன், உரக்கப் பாடினேன். மயிலாப்பூர்ச் சந்தில் எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டதுதான் பலன்.

கடைசியில் சுருதிப்பெட்டியைப் பார்த்தேன். ஆறரைக் கட்டை என்ற சுருதி உயரம் சரி. ஆனால் தங்கை, சட்ஜத்தோடு (ஸ) பஞ்சமத்துக்கு (ப) பதில் மத்திமம் (ம) ஒலிக்கும் மத்திம சுருதியில் பாடிவிட்டுக் குமிழை அப்படியே விட்டிருக்கிறாள். அந்த மத்திமத்தையே பஞ்சமம் என்று நம்பிப் பாடியிருக்கிறேன், வெட்கக்கேடு!

குமிழைத் திருப்பினேன். ஊதும் சட்ஜம் சுமார் 117 ஹெர்ட்ஸ், பாடும் பஞ்சமம் 175. இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்திலும் கூட்டலிலும்தான் புதுச் சுரங்கள் பிறக்கின்றன. கழித்தால் 58, கூட்டினால் 292: கீழே மந்திர சட்ஜம், மேலே அந்தர காந்தாரம், இரண்டும் தாமாகவே ஒலித்தன. ‘ஆ’ என்று பாடினால் தாடை இறங்கி உதடு தளர்கிறது. ‘ஊ’ என்றே பாட வேண்டும்.