கப்பலைச் சுற்றி ஓடும் நீரைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியாவில் வடிவமைத்த கே.சி.எஸ். என்ற கன்டெய்னர் கப்பல் கட்டப்படவே இல்லை. ஆனாலும் நீரோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் கணக்குப் பழகுகிறார்கள். நீளம் 230 மீட்டர், வேகம் 24 நாட். தொட்டியில் இழுத்துச் சோதித்த மாடல் 31.6 மடங்கு சிறியது, 7.28 மீட்டர்.

மாடலுக்குக் கிடைத்த மொத்தத் தடையை, அதாவது அதன் ஓட்டத்தை நீர் எதிர்க்கும் விசையை, அளவுக்கேற்ப அப்படியே பெருக்கிக் கப்பலுக்கு எழுதிவிடுவதுதான் இதில் பெரிய தவறு. இரண்டிலும் அலைகள் ஒரே மாதிரி எழ, ஃப்ரூட் எண் (வேகத்தை நீளத்தோடும் புவியீர்ப்போடும் ஒப்பிடும் எண்) சமமாக இருக்க வேண்டும். அதற்கு மாடலை நொடிக்கு 2.2 மீட்டர் வேகத்தில் இழுத்தால் போதும். உராய்வும் ஒத்துப்போக வேண்டுமென்றால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் நீரின் பிசுபிசுப்போடு ஒப்பிடும் எண்) சமமாக வேண்டும். அதற்கான வேகத்தைக் கணக்குப் போட்டால் நொடிக்கு 390 மீட்டர் வருகிறது! காற்றில் ஒலியே சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆகவே இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது.

இங்கிலாந்தின் டார்கீயில் 1870களில் தொட்டி கட்டிச் சோதித்த வில்லியம் ஃப்ரூட், உராய்வைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் பிரித்தார். இன்றும் வழி அதுதான். உராய்வின் அளவைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழுவுக்கு 1957இல் ஏற்ற சூத்திரம் எளிது: ரெனால்ட்ஸ் எண்ணின் பத்தடி மடக்கையில் 2 கழித்து, வர்க்கமாக்கி, அதால் 0.075ஐ வகுக்க வேண்டும். மாடலின் ரெனால்ட்ஸ் எண் 1.4 கோடி, கெழு 0.0028. கப்பலுக்கு ஏறக்குறைய 240 கோடி, கெழு 0.0014. சரிபாதி! பிரிக்காமல் பெருக்கினால் கப்பலின் தலையில் இரட்டை உராய்வை ஏற்றி, தேவையில்லாத பெரிய எஞ்சினைக் கேட்பீர்கள். மாடலின் பின்புறம் புரொப்பெல்லருக்கு வரும் நீரோட்டத்தையும் அப்படியே கப்பலுக்கு எடுக்காதீர்கள். மாடலில் உடலை ஒட்டிய மந்தமான நீர்ப்படலம், விகிதத்தில் தடிமனானது.

அடுத்தது மெஷ், அதாவது கணக்குக்காக நீரைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் வலை. செல்களையெல்லாம் கப்பல் உடலருகே குவித்துவிட்டு நீர்மட்டத்தை மறந்துவிடுகிறோம். இந்தக் கப்பலின் பின்னால் எழும் குறுக்கலையின் நீளம் சுமார் 98 மீட்டர், மாடலில் 3.1 மீட்டர். உயரமோ அதில் சிறு பங்குதான். மேல்கீழாகச் செல்கள் போதாவிட்டால், அலை கொஞ்ச தூரத்திலேயே கரைந்துபோகும். பார்ப்பதற்குக் கடல் அமைதியாக இருக்கும், விடை தப்பாக இருக்கும்.

ஓடும் கப்பல் சற்று அமிழும், முன்பின்னாகச் சாயவும் செய்யும். அசையாமல் கட்டிவைத்துக் கணக்கிட்டால், அதேபோல் கட்டிவைத்துச் செய்த சோதனையோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

அப்புறம், "மொத்தத் தடை ஒரு சதவீதத்துக்குள் பொருந்திவிட்டது" என்று நிறுத்திக்கொள்வது. உராய்வு கூடி அழுத்தத் தடை குறைந்திருந்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும். முன்புற வடிவத்தை மாற்றிய மறுநாளே அது கலைந்துவிடும். உடலோரம் ஏறும் அலையின் உயரத்தையும் புரொப்பெல்லர் இடத்தின் வேகத்தையும் சோதனையோடு ஒப்பிடுங்கள். மெஷ்ஷை மூன்று அளவுகளிலாவது மாற்றி ஓட்டி, விடை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.