வி.எஃப்.டி டிஸ்ப்ளேவை 5 வோல்ட்டில் ஓட்டும்போது செய்யும் தவறுகள்

வண்ணாரப்பேட்டை காயலாங்கடைகளுக்குப் பழைய வீடியோ டெக்கும் டிவிடி பிளேயரும் இன்னும் எடைக்கு வருகின்றன. முகப்பைக் கழற்றினால் நீலப்பச்சையில் ஒளிரும் அந்தக் கண்ணாடி டிஸ்ப்ளே, அதாவது வி.எஃப்.டி (வேக்குவம் ஃப்ளோரசென்ட் டிஸ்ப்ளே) கிடைக்கும். துத்தநாக ஆக்ஸைடு பாஸ்பரின் நிறம் அது, எனக்கு அதன்மேல் தீராத ஆசை. வாங்குமுன் கண்ணாடி ஓரத்தில் வெள்ளிபோல மினுங்கும் கறையைப் பாருங்கள். அது பால்வெள்ளையாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, பிழைக்காது.

நல்ல டிஸ்ப்ளே கிடைத்துவிட்டது, கையில் இருப்பது 5 வோல்ட் மொபைல் சார்ஜர். எல்லோரும் எழுத்தை ஒளிரவைக்கத் தேவையான 25, 30 வோல்ட்டை எப்படி உண்டாக்குவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை டிஸ்ப்ளே சாவது அங்கே இல்லை, உள்ளே சூடாகி எலெக்ட்ரானை வெளியிடும் மெல்லிய கம்பியான ஃபிலமென்ட்டில்தான்.

ஐவி-6 என்ற ரஷ்ய ஒற்றை எண் ட்யூபை எடுத்துக்கொள்வோம். ஃபிலமென்ட்டுக்கு 1 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் போதும். 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பி.டபிள்யூ.எம் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் முறை) வைத்து, ஐந்தில் ஒரு பங்கு நேரம்தானே என்று 20 சதவீதத்தில் ஓட்டுகிறார்கள். மீட்டரும் சரியாக 1 வோல்ட் காட்டும். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி. கம்பியைச் சூடாக்குவது ஆர்.எம்.எஸ் (அதே சூட்டைத் தரும் நிலையான வோல்ட்டின் அளவு), அது இங்கே 2.2 வோல்ட்டுக்கு மேல். கம்பியின் மின்தடை மாறாது என்று வைத்துக்கொண்டால் சூடு ஐந்து மடங்கு. சரியான அளவு 4 சதவீதம்தான். நானும் ஒரு ட்யூபை இப்படித்தான் இழந்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒற்றை ட்யூபுக்கு என் யோசனை ஒரு 82 ஓம் ரெசிஸ்டர், அரை வாட். குளிர்ந்த கம்பியின் மின்தடை குறைவு என்பதால் சுவிட்ச் போட்டதும் கரண்ட் எகிறப் பார்க்கும், ரெசிஸ்டர் அதையும் அடக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கம்பி ஆரஞ்சு நிறத்தில் தெளிவாகத் தெரிந்தால் சூடு அதிகம்.

டெக்கிலிருந்து எடுத்த நீள டிஸ்ப்ளேவுக்கு டிசி கொடுத்தால் ஒரு முனை பிரகாசமாகவும் மறுமுனை மங்கலாகவும் தெரியும். ஃபிலமென்ட்தான் கேத்தோடு, அதாவது எலெக்ட்ரானை விடும் மைனஸ் முனை. அதன் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சில வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஆனோடோடு (பாஸ்பர் பூசிய ப்ளஸ் முனை) உள்ள வித்தியாசமும் அதற்கேற்ப மாறும். டெக்கின் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபிலமென்ட்டுக்கென்று தனி ஏசி சுற்று இருந்தது இதற்காகத்தான். நாம் ஒரு எச்-பிரிட்ஜ் வைத்துத் திசையை மாற்றி மாற்றி ஓட்டலாம்.

அப்புறம், அணைத்த எழுத்து லேசாகத் தெரிகிறதா? ஃபிலமென்ட் கிரவுண்டிலேயே இருந்தால், 0 வோல்ட்டுக்கு இறக்கிய கிரிட்டையும் (ஃபிலமென்ட்டுக்கும் ஆனோடுக்கும் நடுவே உள்ள வலை) தாண்டி கொஞ்சம் எலெக்ட்ரான் போகும். ஒரு ஜீனர் (குறிப்பிட்ட வோல்ட்டை நிலையாக வைக்கும் டயோடு) வைத்து ஃபிலமென்ட்டைச் சில வோல்ட் மேலே தூக்குங்கள், கிரிட் அதைவிட மைனஸில் நிற்கும்.

கிரிட்டையும் ஆனோடையும் ஓட்ட யு.எல்.என் 2003 டிரைவர் ஐசியை மாட்டிவிட்டு எரியவில்லை என்பவர்களும் உண்டு. அது கிரவுண்டுக்கு இழுக்கும் ஐசி, இங்கே வேண்டியது மேலிருந்து கொடுக்கும் யு.டி.என் 2981 போன்றது. அதற்கும் ஒவ்வொரு அவுட்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் போடுங்கள், இல்லாவிட்டால் அணைத்த கிரிட் அந்தரத்தில் தொங்கும்.

மீதி இருப்பது அந்த 25 வோல்ட். வோல்ட்டை உயர்த்தும் எம்.டி 3608 பூஸ்ட் மாட்யூல் 28 வோல்ட் வரை தரும். ஆனோடும் கிரிட்டும் எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான், அதனால் அது தாராளம். டிஸ்ப்ளேவை இணைக்குமுன் ட்ரிம்மரைத் திருகி மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அவுட்புட்டில் நீங்கள் சேர்க்கும் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டாக இருக்கட்டும்.