பிள்ளைய ரக்பிக்கு விடுறதுக்கு முதல் அம்மா அப்பா பாக்க வேண்டியது

திருகோணமலையில கிரிக்கெட் எண்டா, ஃபுட்போல் எண்டா எல்லா வீட்டிலயும் ஒரு ஆளுக்காவது விளங்கும், ஆனா பிள்ளை வந்து நான் ரக்பிக்குப் பேர் குடுத்திட்டன் எண்டு சொன்னா வீடே பயந்து போகும். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். பிறகு மகனோட கிரவுண்டுக்குப் போய்ப் போய், இப்ப சின்னப் பொடியளோட பிரக்டிஸ்ல நானும் உதவிக்கு நிக்கிறன், அதால பழகினத எழுதுறன்.

முதல் வயசு. எங்கட பாடசாலை ரக்பி 12, 14, 16, 19 வயசுக்குக் கீழ எண்டு பிரிச்சு நடக்குது. ஒரு பிரிவுக்குள்ள ரெண்டு, மூண்டு வயசு அடங்குது, அங்கதான் சிக்கல். 12 முடிஞ்ச கையோட வந்த பிள்ளையும், ரெண்டு மாசத்தில 14 ஆகப் போற மீசை அரும்பின பொடியனும் ஒரே லைன்ல நிப்பாங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில ரெண்டு பேரும் சரி, உடம்பில இல்ல. நியூசிலாந்தில ஒக்லாந்து பக்கம் எடை பாத்தும் டீம் பிரிக்கிறாங்கள், நாங்கள் அந்தளவுக்குப் போகாட்டியும் டக்கிள் (பந்தோட ஓடுறவன மறிச்சுப் பிடிச்சு விழுத்திறது) பழக்கேக்க உயரம், நிறை பாத்து சோடி சேர்க்கலாம் தானே. இன்னொண்டு, ஆள் காணாது எண்டு 13 வயசுக்காரனப் பெரிய பிரிவில இறக்கக் கேட்டா, எவ்வளவு திறமையான பிள்ளையா இருந்தாலும் இல்ல எண்டு சொல்லுங்கோ.

இங்கிலாந்தில 7, 8 வயசுக்குக் கீழ டேக் ரக்பி (ஆளை விழுத்தாம இடுப்பில தொங்கிற துணிய இழுத்தெடுக்கிற விளையாட்டு) மட்டும்தான், 9க்குக் கீழ பிரிவிலதான் டக்கிள் தொடங்குது, அதுவும் பக்கத்துக்கு 7 பேரோட. எங்கட பிள்ளையள் 11, 12 வயசிலதான் பந்தையே தொடுறாங்கள். வயசு வந்திட்டு எண்டு நேர டக்கிளுக்கு விடக்கூடாது, கொஞ்ச மாசமாவது டேக் விளையாடட்டும். உப்புவெளிக் கடற்கரை மணல்ல பழைய சீலையக் கீலம் கீலமாக் கிழிச்சு இடுப்பில செருகி விட்டா அதுதான் டேக், ஆனா ஓட முதல் மணல ஒருக்கா நடந்து பாருங்கோ, தூண்டில் முள்ளு, போத்தல் ஓடு எல்லாம் கிடக்கும். பந்தும் கைக்கு அளவா வேணும், 9 வயசு வரைக்கும் 3ஆம் நம்பர், 14 வரைக்கும் 4, அதுக்குப் பிறகுதான் 5.

டக்கிள்தான் முக்கியம். தலையில கூடுதலா அடிபடுறது டக்கிளிலதான், அதுவும் பிடிக்கப் போறவனுக்குத்தான் கூட. காரணம் பெரும்பாலும் தலைய வைக்கிற இடம். ஓடி வாறவன்ட முன் பக்கம் தலை போனா முழங்காலோ இடுப்பெலும்போ நேர மண்டையில விழும். அதால முதல் ரெண்டு பேரையும் முழங்கால்ல நிக்க வச்சு, பிறகு ஒராள் நடக்க, பிறகு மெல்ல ஓட எண்டுதான் பழக்கணும். பிடிக்கிறவன்ட கண் பந்தோட வாறவன்ட காற்சட்டையப் பாக்கணும், தோள் தொடையில படணும், கன்னம் அவன்ட பின்பக்கத்தோட ஒட்டணும், கை ரெண்டும் சுத்திப் பிடிச்சு விழுமட்டும் விடக்கூடாது. வலது தோளுக்குப் பத்துத் தரம் எண்டா இடதுக்கும் பத்து. தோளுக்கு மேல பிடிக்கிறது எந்த வயசிலயும் பிழை, ஆளைத் தூக்கித் தலைகீழாப் போடுறதும் அப்பிடித்தான்.

ஸ்க்ரம் எண்டா ரெண்டு பக்கமும் குனிஞ்சு தோளோட தோள் முட்டித் தள்ளுறது. அதில 19 வயசுக்குக் கீழ 1.5 மீட்டருக்கு மேல தள்ளக்கூடாது, வேணுமெண்டு சுத்தவும் கூடாது, ஒரு பக்கம் ஆள் குறைஞ்சா மற்றப் பக்கமும் குறைக்கணும். முன் வரிசைக்குப் பழகின ஆள் இல்லாட்டி தள்ளாத ஸ்க்ரம்தான். கழுத்து விசயம் இது, ரெஃப்ரியிட்டக் கேக்க வெக்கப்பட வேண்டாம்.

கம்ஷீல்ட் (பல்லுக்குப் போடுற உறை) கட்டாயம், சுடுதண்ணியில போட்டுக் கடிச்சுப் பல்லுக்கு அளவாக்கிறது நல்லது. தலைக்குப் போடுற மெத்தைத் தொப்பி காதையும் தோலையும் காப்பாத்தும், மூளை குலுங்கிறத நிப்பாட்டாது, அத நம்பி மண்டையக் குடுக்க வேண்டாம் எண்டு பிள்ளையிட்ட சொல்லுங்கோ. காப்பு, சங்கிலி, அரைஞாண் தாயத்து எல்லாம் கழட்டிப் போட்டுத்தான் இறங்கணும்.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில நிலம் சீமெந்து மாதிரி இறுகிப் போகும், அப்ப பின்னேரம் நாலரைக்குப் பிறகு வையுங்கோ, 15 நிமிசத்துக்கு ஒருக்காத் தண்ணி. மாடும் மானும் படுத்தெழும்பிற கிரவுண்ட், நெருஞ்சி முள்ளும் இருக்கும், அதால ஏற்பு ஊசி போட்டிருக்கா எண்டும் பாருங்கோ.

இப்ப தலை அடி. ஒரு பிரக்டிஸ் மச்சில ஒரு பொடியன் விழுந்து உடன எழும்பினவன், ஒண்டுமில்ல அங்கிள் எண்டு சிரிச்சவன், பிறகு என்னட்ட ஸ்கோர் என்ன எண்டு கேட்டான், சொன்னன், அரை நிமிசத்தில திரும்பவும் அதையே கேட்டான். எனக்குக் கை நடுங்கிட்டு. அவன் மயங்கவே இல்ல, ஆனா அதுதான் மூளை அதிர்ச்சி. எந்த கிரவுண்ட்ல நிக்கிறம், இது முதல் பாதியா ரெண்டாவதா, கடைசியா ஆர் பொயின்ட் எடுத்தது எண்டு கேளுங்கோ, ஒண்டு தடுமாறினாலும் வெளிய எடுங்கோ, எல்லாம் சரியாச் சொல்லியும் ஆள் ஒரு மாதிரி இருந்தாலும் வெளியதான், அண்டைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. 2011ல வட அயர்லாந்தில 14 வயசுப் பிள்ளை ஒண்டு அடிபட்டும் தொடர்ந்து விளையாடி, திரும்ப அடிபட்டு இறந்தது. ரெண்டாவது அடிதான் கொல்லுறது.

சத்தி திரும்பத் திரும்ப, தலையிடி கூடுறது, வலிப்பு, நித்திரை தூங்கிறது, கை கால் விறைப்பு, கழுத்து நோ எண்டா ஆளை அசைக்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. லேசா இருந்தாலும் டொக்டரிட்டக் காட்டி, முதல் ரெண்டு நாள் ஓய்வு, ஃபோன் பாக்கிறதும் குறைவா, முதல் பள்ளிக்கூடம் பிறகுதான் பந்து, மச்சுக்குக் குறைஞ்சது 21 நாள். இறுதிப் போட்டி எண்டாலும் 21தான்.

மச் நாளில போனதும் கோச்சிட்ட கேளுங்கோ, முதலுதவிப் பெட்டி ஆரிட்ட, அடிபட்டா ஆரிண்ட வாகனம் நிக்குது, பிள்ளைய வெளிய எடுக்கிற முடிவு ஆற்ற. மூண்டுக்கும் பதில் இல்லாட்டி அண்டைக்கு டேக் மட்டும் விளையாடட்டும்.