கூரை ஏசி இல்லாமல் பயண டிரெய்லரைக் குளிர்விக்கும் முறை

அரிசோனா போன்ற வறண்ட பாலைநிலத்தில், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான டிரெய்லரை நிறுத்துவோர், 1,500 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் கூரை ஏசிக்குப் பதிலாக, 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஏர்கூலரை 14 அங்குலக் கூரைத் திறப்பில் பொருத்திக்கொள்ளலாம். ஏர்கூலருக்குள் உள்ள நனைந்த திண்டின் வழியே புகும் காற்று, நீரை ஆவியாக்கித் தன் வெப்பத்தை இழக்கிறது. அந்த ஈரம் வெளியேற, படுக்கையருகே உள்ள ஜன்னலை நான்கு விரற்கடை அளவு திறந்துவைப்பது கட்டாயம். அடைத்துவிட்டால், சற்று நேரத்தில் போர்வைகூடப் பிசுபிசுக்கும். கடின நீரால் திண்டில் வெள்ளையாக உப்புப் படிந்தால், வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

புளோரிடாவின் ஈரக்காற்றில் இம்முறை பயன்படாது. அங்கே 5,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அலகு) ஜன்னல் ஏசியே ஏற்றது. எங்காயினும், மேற்குப்புற ஜன்னல்களுக்கு வெளியிலிருந்தே வெயில்மறைப்பு கட்டுவதைத்தான் முதல் வேலையாகப் பரிந்துரைப்பேன்.